தேக்காவுக்கு அப்பாலும் நமக்கு ஊர் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் வேலையிடத்துக்குப் புதிதாக 6 பையன்கள் வந்தார்கள். அதில் ஒருவன் எங்கள் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், வயது 21. நாலு ஞாயிறு கழிந்த பிறகு ஒரு நாள் தேநீர் நேரத்தில் "என்னப்பா, சிங்கப்பூர் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "தேக்கா நல்லா இருக்குண்ணே" என்றான். நான் கேட்டது சிங்கப்பூரை, அவன் சொன்னது லிட்டில் இந்தியா என்கிற தேக்காவை. அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். விடுதி, லாரி, வேலையிடம், ஞாயிற்றுக்கிழமை தேக்கா, இந்த நாலைத் தவிர இந்த நாட்டில் அவன் எதையும் பார்க்கவில்லை, காட்டவும் யாரும் இல்லை. அன்றிலிருந்து மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம்தான், முடிந்தால் முழுசாகப் போடுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 2009-இல் வந்த என்னைத் தாங்கிப் பிடித்தது அந்த இடம்தான். எனக்கு அறந்தாங்கிப் பக்கம். சென்னையில் தங்கிக் சிங்கப்பூர் வேலைக்கான கம்பி கட்டுகிற டெஸ்டில் தேறி, ஏஜெண்டுக்குக் கொடுக்க அப்பா வயலை அடமானம் வைத்து, 22 வயதில் வந்து இறங்கினேன். நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓ.டி. என்கிற கூடுதல் நேரச் சம்பளம் தனி. விடிவதற்கு முன்பே கேட்டரிங் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினால் இரவு எட்டு ஒன்பதுக்குத்தான் திரும்புவோம், மதியம் பொட்டலத்தைப் பிரிக்கும்போது குழம்பு பல நாள்களில் புளித்துப்போயிருக்கும். ஆறு நாள் அப்படிப் போன பிறகு ஞாயிறு மத்தியானம் தேக்காவில் இறங்கியதும் யாரோ ஒருவர் "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டால் போதும், தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பணம் அனுப்புகிற வரிசை, முடிவெட்டுகிற கடை, வீரமாகாளியம்மன் கோயில், பூக்கடை வாசம், பரோட்டா, எல்லாம் முடிந்தால் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கத்துப் புல்வெளி. மன்னார்குடிக்காரர்கள் ஒரு மரத்தடியில் இருப்பார்கள், நாங்கள் ஒரு மரத்தடியில். ஊருக்குப் போகிறவரிடம் கோடாலித் தைலமும் பிள்ளைக்குச் சட்டையும் கொடுத்தனுப்புவது அங்கேதான், வந்தவரிடம் யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கண்மாய் நிறைந்தது என்று கேட்பதும் அங்கேதான். ஊரில் எங்கள் தெருவில் நடப்பதெல்லாம் அந்த மரத்தடிக்கு ஒரு வாரத்துக்குள் வந்துவிடும்.

ஆனால் அந்த மரத்தடியில் 4 வருடம் உட்கார்ந்து நாங்கள் பேசியது முழுக்க ஊரைப் பற்றித்தான். நான் இருக்கிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை. விடுதிக்கும் வேலையிடத்துக்கும் நடுவே லாரியின் பின்பக்கத்திலிருந்து பார்த்த மரங்கள், கட்டடங்கள், எதன் பெயரும் தெரியாது. வேலை பெர்மிட் முடிய இன்னும் எத்தனை மாதம், கடன் இன்னும் எவ்வளவு, இந்த இரண்டு கணக்குதான் ஓடும். 2 வருடப் பெர்மிட் முடிந்தால் புதுப்பிப்பார்கள், மறுபடி கணக்கு முதலிலிருந்து. அப்படியே இளமை கழிந்துகொண்டிருந்தது, அது கழிகிறது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

2013 டிசம்பர் 8-ஆம் தேதி ஞாயிறு இரவு தேக்காவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்தை உங்கள் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பேருந்தில் அடிபட்டு இறந்தவர் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அன்று சாயந்தரம் 6 மணிக்கே நான் கிளம்பிவிட்டேன், விடுதியில் வந்து படுத்த பிறகுதான் போனில் ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. அந்த வாரம் முழுக்க வேலையிடத்தில் யாரும் சரியாகப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு, 15-ஆம் தேதி, தேக்காவுக்கு ஆள் ஏற்றி வருகிற தனியார் பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் விடுதி காக்கி புக்கிட் பக்கம். காலையில் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, போக இடம் இல்லாமல் கட்டில் கட்டிலாக உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத்தான் எனக்கு முதல் முறையாகப் புரிந்தது, இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான் என்று.

அப்போது எங்கள் அறையில் இருந்த ஒரு அண்ணன், என்னைவிட 10 வயது மூத்தவர், "வாடா, கடலாவது பாத்துட்டு வருவோம்" என்று கூப்பிட்டார். அவருக்கும் வழி தெரியாது. பேருந்து ஓட்டுநரிடம் சைகையில் கேட்டு, இரண்டு பேருந்து மாறி, சாங்கி வில்லேஜ் போய்ச் சேர்ந்தோம். அங்கே படகுத்துறையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 12 பேர் சேர்ந்ததும் படகு எடுப்பார்களாம், ஆளுக்குச் சில வெள்ளிதான். எங்கே போகிறது என்றே தெரியாமல் நாங்களும் ஏறி உட்கார்ந்தோம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உபின் தீவில் இறக்கிவிட்டார்கள்.

இறங்கியதும் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். மண் ரோடு. தகரக் கூரை போட்ட பலகை வீடுகள், வாசலில் கோழி மேய்கிறது, வீட்டுக்குப் பின்னால் கிணறு, எங்கேயோ ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம். தென்னை, பலா, அப்புறம் வேலியோரம் குச்சிக்கிழங்குச் செடி! எங்கள் கொல்லையில் நிற்கிற அதே செடி. சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுற்றினோம். பழைய கருங்கல் குவாரிகள் தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி கிடந்தன. எங்கள் மாவட்டத்திலும் குவாரிக்குப் பஞ்சமில்லை, அண்ணன் ஒரு காலத்தில் அதில் கல் உடைத்தவர். கரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது படகில் "நாலு வருசமா இது இங்கதான்டா இருந்திருக்கு" என்றார், அவ்வளவுதான், வேறு ஒன்றும் பேசவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு ஞாயிறு தேக்கா, இரண்டு ஞாயிறு வேறு இடம் என்று வைத்துக்கொண்டேன். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் காட்டுக்குள் நடந்தால் மரங்களின் தலைக்கு மேலேயே 250 மீட்டருக்கு ஒரு தொங்குபாலம் இருக்கிறது, அதற்குக் காசு கிடையாது. பூமலை என்கிற தாவரவியல் பூங்கா 1859-இல் தொடங்கிய தோட்டம், 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது, ஆர்க்கிட் பகுதிக்கு மட்டும்தான் டிக்கெட், மற்றபடி காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை யார் வேண்டுமானாலும் போகலாம். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் அலமாரி அலமாரியாக இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டாம். முதல் தடவை வாசலிலேயே 10 நிமிடம் நின்றேன், யாராவது என்னை எங்கே வந்தாய் என்று கேட்பார்களோ என்று. யாரும் கேட்கவில்லை. அந்தப் பயம்தான் எங்கள் பையன்களை இன்றைக்கும் வாசலிலேயே நிறுத்துகிறது என்று நினைக்கிறேன், அங்கே யாரும் தடுத்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, ஊர் சுற்றினால் சொந்தம் வந்துவிடுமா என்று கேட்பீர்கள். வந்தது எப்படி என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2011-லிருந்து நான் டௌன்டவுன் ரயில் பாதையின் இரண்டாம் கட்டத்தில் கம்பி கட்டினேன், பெரும்பாலும் ரோச்சோர் நிலையத்தில். அது லேசான வேலை இல்லை. கால்வாயையும் சாலையையும் வேறு பக்கம் திருப்பிவிட்டுத்தான் அங்கே தோண்டினார்கள். மழை வந்தால் குழிக்குள் சேறு, வெயில் அடித்தால் கம்பியில் கை வைக்க முடியாது, கையுறைக்குள் விரல் வெந்துபோகும். 2015 டிசம்பர் 27-ஆம் தேதி அந்தப் பாதையில் 12 நிலையங்கள் திறந்தார்கள். அதற்குள் எங்களை வேறு வேலையிடத்துக்கு மாற்றிவிட்டார்கள், திறந்த அன்று நான் துவாஸில் இருந்தேன். அடுத்த மாதம், சீனப் புத்தாண்டுக்கு முன்னால் ஒரு ஞாயிறு, நாம் கட்டியது எப்படித்தான் இருக்கிறது பார்ப்போமே என்று போய் இறங்கினேன். கம்பியெல்லாம் கான்கிரீட்டுக்குள், கான்கிரீட் எல்லாம் பளபளக்கிற சுவருக்குள். எனக்கு மட்டும் எந்த மூலையில் எது இருக்கிறது என்று தெரியும்.

அங்கே தள்ளுவண்டிப் பையோடு ஒரு சீனப் பாட்டி தடுமாறி நின்றார். சுற்றி அத்தனை பேர் போகிறார்கள், நேராக என்னிடம் வந்து மலாயில் லிஃப்ட் எங்கே என்று கேட்டார். வாட்டர்லூ ஸ்திரீட் குவான் யின் கோயிலுக்குப் போக வேண்டுமாம். பக்கத்திலேயே நம் கிருஷ்ணன் கோயில், சீனர்களும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், அந்தத் தெருதான். வேலையிடத்தில் பொறுக்கிய மலாய் எனக்குக் கொஞ்சம் வரும். அந்த லிஃப்ட் குழிக்குக் கம்பி கட்டியவன் நான், எனக்கா வழி தெரியாது? பையை வாங்கிக்கொண்டு மேலே வரை கூட்டிப் போனேன். பக்கத்தில்தான் வீடா என்று கேட்டார். இல்லை, இந்த நிலையம் கட்டும்போது வேலை பார்த்தேன் என்றேன். அவர் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி "பாகுஸ்" என்றார். நல்லாயிருக்கு என்று அர்த்தம்.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தை எழுதத் தெரியவில்லை. 7 வருடத்தில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் வழி கேட்டிருக்கிறார். அதுவரை வழி கேட்கிறவன் நானாகத்தான் இருந்தேன்.

2018-இல் எஸ் பாஸ், அதாவது பெர்மிட்டுக்கு ஒரு படி மேலான வேலை அனுமதி, கிடைத்தது. பெர்மிட்டில் வந்த கட்டுமானத் தொழிலாளி வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அறை எடுக்க முடியாது, எஸ் பாஸ் வந்ததும் முடிந்தது. புக்கிட் பாத்தோக்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் அறை. நாலு தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். அந்த அம்மா தினமும் காலையில் "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்பார். முதல் நாள் எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் காலையில் சாப்பிடுவதற்கு அப்படி ஒரு சொல் புழங்கியதில்லை. எவ்வளவு அழகான சொல்! இப்போது ஊருக்குப் போன் பண்ணினால் என் அம்மாவிடம் நானே "பசியாறிட்டியாம்மா" என்கிறேன், அம்மா சிரிக்கிறார். தமிழ் நோட்டிலும் நாணயத்திலும் இருக்கிற நாடு என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வோம், உண்மைதான், முதல் நாள் 2 வெள்ளி நோட்டில் சிங்கப்பூர் என்று தமிழில் பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் நோட்டில் எழுதியிருப்பதைவிட அந்த அம்மா கேட்கிற கேள்விதான் என்னை இங்கே இருத்தியது.

அடுத்த வருடம் மனைவியை ஒரு மாத விசிட்டில் அழைத்து வந்தேன். என் சம்பளத்துக்குக் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள விதி இடம் தராது, அதனால் அந்த ஒரு மாதம்தான். முதல் ஞாயிறே உபினுக்குக் கூட்டிப் போனேன். அவள் குச்சிக்கிழங்குச் செடியைப் பார்த்துவிட்டு "இங்க இருந்துதான் அன்னைக்குப் போன் பண்ணீங்களா?" என்றாள். அதுவரை நான் சிங்கப்பூர் என்றால் அவள் மனசில் உயரக் கட்டடமும் லாரியும்தான் இருந்ததாம், அதில் என்னை எங்கே வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்ததாம். இப்போது நான் ஞாயிறு எங்கே போனேன் என்றால் அவளுக்கு இடம் தெரிகிறது.

இதைப் படிக்கிற என் கூட வேலை பார்த்தவர்கள் கோபப்படலாம். நாம் வந்தது சம்பாதிக்க, ரெண்டு வருசம் கஷ்டப்பட்டுவிட்டு ஊருக்குப் போகப் போகிறோம், இதில் ஒட்டு உறவு எதற்கு, ஞாயிறு வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் என்பார்கள். கடன் இருக்கும்வரை நானும் ஞாயிறு வேலை செய்தவன்தான், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டு வருசம் என்று வந்த யார் ரெண்டு வருசத்தில் போனோம்? என் அறையில் இருந்த 12 பேரில் 10 வருடத்தைத் தாண்டியவர்கள் 7 பேர். 10 வருடத்தை வெறும் காத்திருப்பாகக் கழிக்க முடியுமா? இன்னொரு கேள்வி கொஞ்சம் கடுமையானது. நம் தலைக்கு முதலாளி 5,000 வெள்ளி பிணை கொடுத்து வைத்திருக்கிறார், பெர்மிட்டை ரத்து செய்தால் சில நாளில் விமானம் ஏற வேண்டும், அப்படிப்பட்ட இடத்தை வீடு என்று நினைக்கலாமா? நானும் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். நினைக்கலாம் என்பதுதான் என் பதில். ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறவர் வாசலில் கோலம் போடாமலா இருக்கிறார்?

2020-ஐயும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் கொரோனாவால் விடுதிகளை மூடியபோது நான் வெளியே அறையில் இருந்தேன், என் பழைய கூட்டாளிகள் உள்ளே. 3 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் விடுதிகளில். அந்த வருட முடிவில் பார்த்தால் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. நாங்கள் போனில்தான் பேசிக்கொண்டோம். மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் அவர்களுக்கு ரொம்ப நாள் தளரவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் மனக்குறை உண்டு. கடைசியில் 2022 ஜூன் 24-லிருந்து வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றார்கள். ஆனால் ஞாயிறும் பொது விடுமுறையும் மட்டும் 4 இடங்களுக்குச் சீட்டு வேண்டியிருந்தது, அதில் ஒன்று லிட்டில் இந்தியா, நம் தேக்காதான். அந்த ஞாயிறுகளில் என் பழைய விடுதியில் சீட்டு கிடைக்காத பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அறையிலேயே படுத்திருந்தார்கள். தீவு முழுக்கத் திறந்து கிடக்கிறது, 2 வருடம் அடைபட்டுக் கிடந்தவர்கள், போக இடம் தெரியாமல் படுத்திருந்தார்கள். 2013-இல் நாங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தோமே, அதே மாதிரி. 9 வருடத்தில் அது மாறவில்லை என்பதுதான் என்னை இப்போது எழுத வைக்கிறது.

2018 அக்டோபரிலிருந்து கட்டுமானத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறார்கள், அவரவர் தாய்மொழியிலேயே. சம்பளச் சீட்டு, சட்டம், உரிமை, புகார் எங்கே செய்வது, எல்லாம் சொல்லித் தருகிறார்கள். எங்கள் காலத்தில் அது இல்லை, ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு நாளில் விதியைச் சொல்லலாம், ஊரைக் காட்ட முடியாது. அதை நாம்தான் செய்ய வேண்டும். வேலையிடத்தில் மூத்தவர்களாக இருக்கிற அண்ணன்மாரைக் கேட்டுக்கொள்கிறேன், புதுப் பையன் வந்த முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிறு அவனைப் பேருந்தில் ஏற்றித் தேக்கா இல்லாத ஒரு இடத்துக்குக் கூட்டிப் போங்கள். இடத்தைவிட முக்கியம் பேருந்து. அட்டையை எங்கே தட்டுவது, எந்தப் பக்கம் நிற்பது, இறங்கும்போது மறுபடி தட்ட வேண்டும், இதைக் கூட நின்று ஒரு தடவை காட்டிவிட்டால் அடுத்த தடவை அவனே போய்விடுவான்.

இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பூங்காவிலோ நூலகத்திலோ எங்கள் பையன்களைப் பார்த்தால் தமிழில் ஒரு வார்த்தை பேசுங்கள். ஆங்கிலத்தில் பேசினால் அவன் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிப் போய்விடுவான். பசியாறியாச்சா என்று கேட்டாலே போதும்.

உங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள். சனிக்கிழமைதோறும் ஒரு சின்னக் கட்டம், உள்ளங்கை அளவு இருந்தால் போதும், இந்த ஞாயிறு எங்கே போகலாம் என்று போடுங்கள். எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது, பேருந்து எண் என்ன, எத்தனை மணி வரை திறந்திருக்கும், காசு உண்டா இல்லையா, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா, இவ்வளவுதான். படம்கூட வேண்டாம். அதைக் கத்தரித்து விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

முதல் கட்டத்துக்கு நானே எழுதித் தருகிறேன். தானா மேரா நிலையத்தில் இறங்கவும். அங்கிருந்து 2-ஆம் எண் பேருந்து, கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். உணவங்காடி நிலையத்தைத் தாண்டி நடந்தால் படகுத்துறை. படகுக்கு ரொக்கமாகச் சில்லறை வைத்துக்கொள்ளவும், தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துப் போகவும், காட்டுப்பன்றியைக் கண்டால் சாப்பாடு போடாமல் விலகிப் போகவும். ஆலங்குடிப் பையனும் அவன் கூட வந்தவர்களில் 3 பேரும் வருகிற ஞாயிறு என்னோடு வருகிறார்கள். காலை 8 மணிக்கு.

இப்படிக்கு,
அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாசகர்,
புக்கிட் பாத்தோக்.